ஆப்-ஆம்ப் மாற்றும்போது மின்வழங்கியில் கவனிக்க வேண்டியவை

ஒலிப்பெருக்கி, சிடி பிளேயர், டோன் கன்ட்ரோல் போர்டு போன்ற ஒலிக் கருவிகளின் முன்நிலைச் சுற்றுகளில் இடம்பெறும் ஆப்-ஆம்ப், தன் இரண்டு உள்ளீடுகளுக்கு இடையிலான மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாட்டைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கி, அந்தப் பெருக்கத்தில் பெரும்பங்கைப் பின்னூட்டத்தின் வழியாகத் தன் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளச் செலவிடும் ஐசி ஆகும். இரண்டு பெருக்கிகளை ஒரே உறையில் அடக்கிய எட்டுக் கால் ஐசிக்களில், எந்த நிறுவனம் தயாரித்திருந்தாலும், 8ஆம் கால் நேர் மின்னழுத்தத்துக்கும் 4ஆம் கால் எதிர் மின்னழுத்தத்துக்கும் உரியவையாக இருப்பதால், பழைய 4558ஐச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு என்இ5532, ஓபிஏ2134, எல்எம்4562 போன்ற ஒன்றைச் செருகிவிடலாம் என்ற எண்ணம் எளிதில் பிறக்கிறது. கால்கள் பொருந்துவது உண்மைதான்; ஆனால் அந்தக் கால்களுக்கு வரும் மின்னழுத்தமும், அவை இழுக்கும் மின்னோட்டமும், அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் மின்தேக்கிகளும் பழைய ஐசிக்கு ஏற்றபடி அளந்து வைக்கப்பட்டவை என்பதால், புதிய ஐசி தன் தரவுத்தாளில் உறுதியளிக்கும் திறனைக் காட்டுமா என்பதை மின்வழங்கியே முடிவு செய்கிறது. ஆகவே ஐசி வாங்குவதற்கு முன்பே கருவியைத் திறந்து மின்வழங்கியை அளந்து பார்ப்பது நல்லது.

மின்னழுத்த எல்லைகள்

முதலில் அளக்க வேண்டியது 8ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் இடையில் இருக்கும் மொத்த மின்னழுத்தம். கருவியின் சுற்றுப்படத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல், மல்டிமீட்டரைச் சாக்கெட்டிலேயே வைத்து அளக்க வேண்டும். ஏனெனில் மலிவான போர்டுகள் பலவற்றில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரே இருப்பதில்லை. சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் 4558 டோன் கன்ட்ரோல் போர்டை 12-0-12 மின்மாற்றியோடு இணைத்து நான்கு டையோடுகளும் இரண்டு மின்தேக்கிகளும் மட்டும் வைத்து ஓட்டுவது பரவலான வழக்கம். 12 வோல்ட் என்பது மாறுமின்னோட்டத்தின் சராசரிவர்க்க மூல மதிப்பாதலால், அதன் உச்சம் 1.414 மடங்காகி 17 வோல்ட்டை எட்டுகிறது; டையோடில் 0.7 வோல்ட் போனாலும் 16.3 வோல்ட் மிஞ்சும். இதுகூட மின்மாற்றி தன் முழுச்சுமையைத் தாங்கும்போது கிடைக்கும் கணக்கு. சிறிய மின்மாற்றிகள் சுமை குறைவாக இருக்கும்போது தம் பெயர்ப்பலகை மதிப்பைவிட 20% வரை கூடுதலாகத் தரக்கூடியவை என்பதால், இரண்டு ஆப்-ஆம்ப் மட்டுமே சுமையாக உள்ள போர்டில் ±19 வோல்ட்டுக்கு மேல் நிற்பது வியப்பில்லை. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டிலிருந்து 250 வோல்ட்டுக்கு ஏறும் இரவு நேரங்களில் இது இன்னும் உயரும்.

4558, டிஎல்072 (பழைய வகை), எல்எம்4562 ஆகியவற்றின் உச்ச எல்லை ±18 வோல்ட் என்பதையும், எல்எம்4562இன் இயங்கு எல்லை ±17 வோல்ட்டோடு முடிந்துவிடுகிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பழைய 4558 இந்த மிகையைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அதைச் சான்றாகக் கொண்டு விலை உயர்ந்த ஐசியை அதே இடத்தில் வைப்பது தவறு. இன்னும் குறுகிய எல்லை கொண்டவையும் உண்டு. ஏடி8620 என்னும் ஐசி ±5 முதல் ±13 வோல்ட் வரை இயங்கும்படி செய்யப்பட்டது. ±15 வோல்ட் உள்ள கருவியில் அதைச் செருகினால், அதன் உச்ச எல்லையான 27.3 வோல்ட்டை மொத்த மின்னழுத்தமான 30 வோல்ட் தாண்டிவிடும். மாறாக ஓபிஏ2604 ±24 வோல்ட் வரை தாங்கும். அதனால் தரவுத்தாளில் முதலில் பார்க்க வேண்டியவை இரைச்சல் எண்ணோ வேக எண்ணோ அல்ல, மின்னழுத்தத்தின் மேல் எல்லையும் கீழ் எல்லையும்தான்.

மின்னோட்டம்: பலர் கவனிக்காமல் விடும் கணக்கு

ஆப்-ஆம்ப் ஒன்று ஒலி எதுவும் கடத்தாமல் சும்மா இருக்கும்போதும் ஒரு நிலையான மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். இதை ஓய்வு மின்னோட்டம் என்பர். இரண்டு பெருக்கிகளும் சேர்ந்து 4558 சுமார் 3 முதல் 4 மில்லி ஆம்பியர் எடுக்கும். டிஎல்072 அதைவிடச் சற்றுக் குறைவாக, 2.8 மில்லி ஆம்பியர் அளவில் எடுக்கும். என்இ5532உம் ஓபிஏ2134உம் ஒவ்வொன்றும் 8 மில்லி ஆம்பியர், எல்எம்4562 10 மில்லி ஆம்பியர். இவை வழக்கமான மதிப்புகளே. என்இ5532இன் தரவுத்தாள் 16 மில்லி ஆம்பியர் வரை அனுமதிக்கிறது. எண்களாகப் பார்த்தால் சிறியவை, ஒரு தனி ரெகுலேட்டர் வைத்த கருவியில் பொருட்படுத்தத் தேவையில்லாதவையும்கூட. ஆனால் ஒருங்கிணைந்த ஒலிப்பெருக்கிகள் பலவற்றில் முன்நிலைக்கென்று தனி மின்மாற்றிச் சுருள் இருப்பதில்லை. வெளியீட்டு டிரான்சிஸ்டர்களை ஓட்டும் பெரிய மின்னழுத்தத்திலிருந்தே ஒரு மின்தடையும் ஒரு ஜீனர் டையோடும் வைத்து 15 வோல்ட் பெறப்படுகிறது. குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு மேல் வரும் மிகையைத் தன் வழியே வடித்துவிட்டு அந்த மின்னழுத்தத்தை நிலைநிறுத்துவது ஜீனரின் வேலை. ஐசிக்கள் எடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் ஜீனரால் அந்த வேலையைச் செய்ய முடியும் என்பதே இங்குள்ள சிக்கல்.

ஒரு கணக்கைப் படிப்படியாகப் பார்த்தால் இது விளங்கும். பெரிய மின்னழுத்தம் ±40 வோல்ட், ஜீனர் 15 வோல்ட், இடையில் 1.8 கிலோ ஓம் மின்தடை, சுமையாக இரண்டு 4558 என்று கொள்வோமானால், மின்தடையின் குறுக்கே 25 வோல்ட் விழுவதால் அதன் வழியே 13.9 மில்லி ஆம்பியர் வருகிறது. ஐசிக்கள் 8 எடுத்துக்கொள்ள, ஜீனருக்கு ஏறத்தாழ 6 மில்லி ஆம்பியர் மிஞ்சுகிறது. வீட்டு மின்சாரம் பத்து சதவீதம் குறைந்து பெரிய மின்னழுத்தம் 36 வோல்ட்டானாலும் மின்தடை வழியே 11.7 மில்லி ஆம்பியர் வந்து, ஜீனருக்கு 3.7 மிஞ்சும். வடிவமைத்தவர் இதையெல்லாம் எண்ணியே 1.8 கிலோ ஓம் வைத்திருக்கிறார்.

இப்போது அந்த இரண்டு 4558ஐயும் எடுத்துவிட்டு என்இ5532 வைத்தால் தேவை 16 மில்லி ஆம்பியராகிறது. அந்த மின்னோட்டம் 1.8 கிலோ ஓமில் 28.8 வோல்ட்டை விழச்செய்யும். ஆகவே ஐசிக்குக் கிடைப்பது 11.2 வோல்ட் மட்டுமே. ஜீனர் 15 வோல்ட்டை எட்டாததால் அது வேலையிலிருந்து விலகிவிட, சீராக்கம் என்பதே இல்லாமல் போய், பெரிய மின்னழுத்தம் இசையின் பலத்த அடிகளுக்கு ஏற்பத் தாழும்போதெல்லாம் ஐசியின் மின்னழுத்தமும் கூடவே தாழ்கிறது. எல்எம்4562 இரண்டை வைத்தால் 20 மில்லி ஆம்பியருக்கு 36 வோல்ட் விழுந்து, மீதி 4 வோல்ட்தான். ±4 வோல்ட்டிலும் அந்த ஐசி இயங்கும் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து: கருவி ஓசையின்றிச் செத்துவிட்டால் பிழை உடனே தெரியும், மாறாக, மெல்லிய ஒலியில் நன்றாகப் பாடி, ஒலியளவைக் கூட்டியதும் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்போது, கேட்பவர் அந்த ஐசியின் குணமே அப்படி என்று முடிவுகட்டிவிடுகிறார். நல்ல ஐசிக்கள் பலவற்றுக்கு இவ்வாறு கெட்ட பெயர் வந்திருக்கிறது.

இதைச் சரிசெய்வது கடினமன்று. ஐசிக்களுக்கு 20, ஜீனருக்கு 5 என்று 25 மில்லி ஆம்பியர் தேவைப்படுவதால், 25 வோல்ட்டை 25 மில்லி ஆம்பியரால் வகுத்து 1 கிலோ ஓம் என்று பெறலாம். அந்த மின்தடையில் 0.625 வாட் வெப்பம் உண்டாகும். மின்சாரம் உயரும் நேரத்தில் 0.8 வாட்டைத் தாண்டும். எனவே 2 வாட் மின்தடையே பொருத்தமானது, அதையும் போர்டில் ஒட்டாமல் சற்று உயர்த்திப் பொருத்த வேண்டும். ஐசிக்களைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கருவியை இயக்கும் வேளையில் 25 மில்லி ஆம்பியர் முழுவதும் ஜீனர் வழியே பாய்ந்து 0.375 வாட்டை அதில் சேர்க்கும் என்பதால், அரை வாட் ஜீனர் இருந்தால் அதை 1 வாட் வகைக்கு மாற்றிவிடுவது பாதுகாப்பு. நேர்ப்பக்கத்தில் செய்ததை எதிர்ப்பக்கத்திலும் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும், ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திய போர்டுகள் பழுதுக்கு வருவது உண்டு.

மின்தடையைத் தொட விரும்பாதவர்களுக்கு மற்றொரு வழியும் இருக்கிறது. ஓபிஏ1642 போன்ற ஐசிக்கள் இரண்டு பெருக்கிகளுக்கும் சேர்த்து 3.6 மில்லி ஆம்பியர் மட்டுமே எடுத்துக்கொண்டு, 4558ஐவிடக் குறைந்த இரைச்சலும் பலமடங்கு வேகமும் தருகின்றன. ஜீனர் வழி மின்னூட்டம் பெறும் கருவிக்குப் பெயர்பெற்ற ஐசியைவிட இப்படிப்பட்ட சிக்கனமான ஐசியே சிறந்த தேர்வு. அது சிறிய மேற்பரப்பு உறையில் மட்டும் கிடைப்பதால் எட்டுக் கால் அடாப்டர் தேவைப்படும்.

ரெகுலேட்டரும் மின்மாற்றியும்

ஜீனரை நீக்கிவிட்டு 7815, 7915 இணையை வைக்கலாம் என்று பலர் கருதுவதுண்டு. 7815இன் உள்ளீட்டு எல்லை 35 வோல்ட் என்பதால் மேலே சொன்ன 40 வோல்ட்டை நேரடியாக அதற்குக் கொடுக்கக் கூடாது. தனியாக ஒரு சிறிய 15-0-15 மின்மாற்றி வைப்பதே நேரான வழி. அதன் உச்சம் 21.2 வோல்ட், டையோடு போக 20.5 வோல்ட், 7815 தன் வெளியீட்டைவிட ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக, அதாவது 17 வோல்ட் அளவுக்குக் குறையாமல் உள்ளே வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதால், போதிய இடைவெளி இருப்பதுபோல் தோன்றும். மின்சாரம் 200 வோல்ட்டாகத் தாழும்போது அந்த 20.5 வோல்ட் 17.7 ஆகிறது. இதோடு குற்றலையையும் கழிக்க வேண்டும். குற்றலை என்பது, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாகத் திருத்தியதும் நொடிக்கு நூறு முறை மின்தேக்கி நிரம்பி வடிவதால் எஞ்சும் ஏற்றத்தாழ்வு. 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியிலிருந்து 100 மில்லி ஆம்பியர் எடுத்தால் அது 1 வோல்ட் அளவுக்கு வரும். ஆக, பள்ளத்தில் 16.7 வோல்ட்தான், ரெகுலேட்டர் அந்தக் கணங்களில் கைவிட, 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வெளியே கேட்கத் தொடங்கும். மின்தேக்கியை 2200 மைக்ரோஃபாரட் ஆக்கினால் குற்றலை பாதிக்கும் கீழே குறைந்து இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். அதற்கும் மேலே 10,000 மைக்ரோஃபாரட் என்று ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. மின்தேக்கி பெரிதாகப் பெரிதாக அதை நிரப்பும் மின்னோட்டம் குறுகிய, உயரமான துடிப்புகளாக வந்து மின்மாற்றியைச் சூடாக்குவதோடு, கம்பிகளின் வழியே கிரவுண்டிலும் ரீங்காரத்தைத் தூண்டும். 12-0-12 மின்மாற்றியிடம் 15 வோல்ட் கேட்பதும் வீண். அதற்கு 7812, 7912 இணையே உரியது.

இந்த இணையைப் பொருத்தும்போது கைப்பிழைக்கு இடம் தரும் ஒரு வேறுபாடு உண்டு. எழுத்துப் பக்கம் நம்மை நோக்க வைத்துப் பார்த்தால், 7815இன் கால்கள் இடமிருந்து உள்ளீடு, கிரவுண்டு, வெளியீடு என்றும், 7915இன் கால்கள் கிரவுண்டு, உள்ளீடு, வெளியீடு என்றும் அமைந்திருக்கும். உலோக முதுகு நடுக்காலோடு இணைந்திருப்பதால், 7815இன் முதுகைப் பெட்டியின் தகட்டில் நேரடியாகத் திருகினால் தீங்கில்லை. 7915ஐ மைக்கா தாள் இல்லாமல் திருகினால் எதிர் மின்னழுத்தம் அப்படியே கிரவுண்டோடு குறுக்கிணைந்துவிடும். மேலும் 7915 நிலையாக இயங்க அதன் வெளியீட்டில் மின்தேக்கி கட்டாயம் வேண்டும். 7815 அது இல்லாமலும் பொறுத்துக்கொள்ளும். இரண்டு வெளியீடுகளிலும் கிரவுண்டுக்குத் தலைகீழாக ஒரு 1என்4001 டையோடு வைப்பது நல்ல பழக்கம். ஆப்-ஆம்ப்புகள் இரண்டு மின்னழுத்தங்களுக்கும் இடையில் சுமையாக அமைவதால், இயக்கும் கணத்தில் முந்திக்கொண்டு எழும் ரெகுலேட்டர் மற்றதன் வெளியீட்டைக் கிரவுண்டுக்கு மறுபக்கம் இழுத்து, அதைக் கிளம்பவிடாமல் முடக்கிவிடக்கூடும்.

மிகக் குறைந்த இரைச்சல் கொண்ட தனிச்சிறப்பு ரெகுலேட்டர்களுக்குப் பெரும்பணம் செலவிடுவது தேவையா என்ற கேள்விக்கு எண்களே விடை தருகின்றன. மின்வழங்கியில் உள்ள மாசு எந்த அளவுக்கு ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டுக்குக் கசியாமல் தடுக்கப்படுகிறது என்பதை மின்வழங்கி விலக்கத் திறன் என்று குறிப்பிட்டு டெசிபெலில் அளப்பர். 60 டெசிபெல் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, 100 டெசிபெல் என்றால் இலட்சத்தில் ஒரு பங்கு. 1 வோல்ட் குற்றலையை 7815 ஆயிரத்தில் ஒரு பங்காக்கி 1 மில்லி வோல்ட் ஆக்குகிறது. 100 ஹெர்ட்ஸில் 100 டெசிபெல் விலக்கும் ஆப்-ஆம்ப் அதை 10 நானோவோல்ட்டாகக் குறைக்கிறது. என்இ5532 தன்னுள்ளேயே உண்டாக்கும் இரைச்சல் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான கேள்வி எல்லையில் 700 நானோவோல்ட் அளவு. எழுபதில் ஒரு பங்காக இருக்கும் குற்றலையை இன்னும் குறைப்பதால் செவிக்கு எட்டும் பயன் எதுவும் வராது. 7815இன் சொந்த இரைச்சலான சுமார் 90 மைக்ரோவோல்ட்டையும், விலக்கம் வெறும் 60 டெசிபெல் என்று மிகக் குறைவாகக் கொண்டு கணக்கிட்டாலும், வருவது 90 நானோவோல்ட்தான். வால்ட் யுங் 1995இல் தி ஆடியோ அமெச்சூர் இதழில் விளக்கிய சூப்பர் ரெகுலேட்டர் போன்றவை நுட்பமான படைப்புகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவையே தம்முள் ஒரு வேகமான ஆப்-ஆம்ப்பைக் கொண்டவையாதலால், சுமையில் உள்ள மின்தேக்கிகளையும் கம்பி நீளத்தையும் கவனிக்காமல் வைத்தால் அவையே அலைவுக்கு உள்ளாகும். அடிப்படைகள் எல்லாம் சரியான பிறகு கடைசியாக எண்ணிப் பார்க்க வேண்டியது அது.

ஐசியின் காலடியில் வைக்கும் மின்தேக்கி

வேகமான ஆப்-ஆம்ப்புக்கு மாறும்போது மிகப்பெரிய பயனைத் தருவது, சில ரூபாய் விலையுள்ள 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கிதான். மேலே சொன்ன விலக்கத் திறன் எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. அதிர்வெண் பத்து மடங்கு ஏறும்போதெல்லாம் அது 20 டெசிபெல் இறங்குகிறது. 100 ஹெர்ட்ஸில் 100 டெசிபெல் உள்ள ஐசி 10 கிலோஹெர்ட்ஸில் 60 டெசிபெல்லுக்கும், 1 மெகாஹெர்ட்ஸில் 20 டெசிபெல்லுக்கும் வந்துவிடும். அதாவது அங்கே மின்வழங்கிக் கம்பியில் தோன்றுவதில் பத்தில் ஒரு பங்கு வெளியீட்டில் தோன்றும். 4558இன் எல்லை 3 மெகாஹெர்ட்ஸ் என்பதால் அந்தப் பகுதியில் அதற்குப் பெருக்கமே அதிகம் இல்லை. எல்எம்4562க்கு 55 மெகாஹெர்ட்ஸ் வரை பெருக்கம் உண்டு.

கம்பியோ போர்டின் செப்புப் பாதையோ ஒவ்வொரு மில்லி மீட்டருக்கும் சுமார் 1 நானோஹென்றி மின்தூண்டலைக் கொண்டிருக்கிறது. மின்வழங்கியின் மின்தேக்கி 10 சென்டி மீட்டர் தள்ளி இருந்தால் இடையில் 100 நானோஹென்றி. 50 மெகாஹெர்ட்ஸில் அது 31 ஓம் எதிர்ப்பாகிறது. ரெகுலேட்டர் எவ்வளவு உயர்ந்ததானாலும், அந்த 31 ஓமுக்கு அப்பால் இருக்கும்வரை, மிகை அதிர்வெண்களில் ஐசிக்கு அது இல்லாததற்குச் சமம். வெளியீட்டு மின்னோட்டத்தின் மாற்றங்கள் அந்த எதிர்ப்பின் குறுக்கே மின்னழுத்த மாற்றங்களாகி, விலக்கத் திறன் குறைந்த பகுதியில் மீண்டும் ஐசிக்குள் புகுந்து, சுற்றிச் சுற்றி அலைவாக வலுத்துவிடுகின்றன. பழைய ஐசியோடு ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்த போர்டு, புதிய ஐசியோடு அலைவது இதனால்தான்.

செராமிக் மின்தேக்கியைப் போர்டின் அடியில், 8ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் நேராகக் குறுக்கே, கால்களை இயன்றவரை குட்டையாக வெட்டிப் பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு காலும் 10 மில்லி மீட்டர் நீண்டிருந்தால் 20 நானோஹென்றி சேர்ந்துவிடும். எக்ஸ்7ஆர் வகை போதுமானது. இந்த மின்தேக்கி ஒலி செல்லும் பாதையில் இல்லாததால், செராமிக் ஒலியைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு இங்கே இடமில்லை. பெரிய பாலிபுரொப்பிலீன் மின்தேக்கியை அந்த இடத்தில் வைத்தால் அதன் நீண்ட கால்கள் பயனைக் கெடுக்கும். கிரவுண்டை நாடாமல் இரண்டு மின்னழுத்தங்களுக்கும் இடையிலேயே மின்தேக்கியை வைப்பதற்கும் காரணம் உண்டு: ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டு நிலை நேர் அரையலையை 8ஆம் கால் வழியாகவும் எதிர் அரையலையை 4ஆம் கால் வழியாகவும் எடுப்பதால், அந்தக் கம்பிகளில் ஓடுவது பாதி வெட்டப்பட்ட, சிதைந்த அலை; மின்தேக்கியைக் கிரவுண்டில் கட்டினால், அந்தச் சிதைவு ஒலிக்குறிப்பின் கிரவுண்டுக்குள் நேராகக் கொட்டப்படுகிறது. போர்டுக்கு ஒன்றாக, ஒவ்வொரு பக்கத்திலும் 47 அல்லது 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி இருந்தால் போதும். அதன் இயல்பான உள்தடை, செராமிக்கும் கம்பியும் சேர்ந்து உண்டாக்கக்கூடிய ஒத்ததிர்வை அடக்கும் பணியையும் செய்கிறது. பல மதிப்புள்ள மின்தேக்கிகளை அடுக்கடுக்காக இணைப்பதால் நன்மையைவிட ஒத்ததிர்வுகளே பெருகும்.

அலைவு இருக்கிறதா என்று ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால், ஒலி இல்லாதபோதும் கோடு தடித்து மங்கலாகத் தெரியும். ஆசிலாஸ்கோப் இல்லாதவர் வேறு அறிகுறிகளைத் தேட வேண்டும்: ஐசி காரணமின்றிச் சுடுவது, எடுக்கும் மின்னோட்டம் தரவுத்தாள் மதிப்பைவிடக் கூடியிருப்பது, வெளியீட்டில் உள்ள டிசி மின்னழுத்தம் கையை அருகில் கொண்டுபோனதும் மாறுவது ஆகியவை வலுவான சான்றுகள். சாதாரண மல்டிமீட்டரின் மாறுமின்னோட்ட அளவீடு மெகாஹெர்ட்ஸ் அலைவைக் காட்டாது. இங்கே ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: நன்றாக வடிவமைத்த சுற்றில் என்இ5532க்குப் பதில் அதனினும் சிறந்த ஐசியை வைத்தால் செவிக்குத் தெரியும் மாற்றம் நுண்ணியதாகவே இருக்கும். மாற்றியவுடனே ஒலி பெரிதும் மாறி, மேல் சுருதிகள் பளிச்சென்று எழுந்தால், மகிழ்வதற்கு முன் அலைவைச் சோதிக்க வேண்டும்.

கணினி மின்வழங்கியிலிருந்தோ, 5 வோல்ட்டை ±12 ஆக்கும் சிறு மாற்றிகளிலிருந்தோ மின்னூட்டம் பெறும் கருவிகளில் மாசு 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால், ஆப்-ஆம்ப்பின் விலக்கத் திறனை நம்ப முடியாது. ஒவ்வொரு பக்கத்திலும் 10 ஓம் மின்தடையும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் கொண்ட வடிகட்டி வைத்தால், 10 மில்லி ஆம்பியருக்கு 0.1 வோல்ட் மட்டுமே இழந்து, 159 ஹெர்ட்ஸிலிருந்து மேலே உள்ளவற்றைக் குறைக்கலாம். மின்தேக்கியின் உள்தடை 0.3 ஓம் என்றால் குறைப்பு 30 டெசிபெல் அளவோடு நின்றுவிடும்; ஆகவே உள்தடை குறைந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெப்பம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 30 வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியர் எடுக்கும் எல்எம்4562 0.3 வாட் வெப்பத்தை உமிழ்கிறது. சாதாரண எட்டுக் கால் உறையில் இது சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 30 பாகை உயர்வாகும், சிறிய மேற்பரப்பு உறையில் 40 பாகையைத் தாண்டும். தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. விரலை வைக்க முடியாத சூடு இயல்பன்று. ±15ஐ ±12 ஆகக் குறைத்தால் வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். 2 வோல்ட் வெளியீடு தரும் சிடி பிளேயரில் இதனால் இழப்பு எதுவும் இல்லை. பாஸை 15 டெசிபெல் உயர்த்தும் டோன் கன்ட்ரோல் போர்டில் அந்த 2 வோல்ட் 11 வோல்ட்டாக வளர முயல்வதால், அங்கே ±15ஐ விட்டுக்கொடுக்கக் கூடாது.

பேட்டரியில் ஓடும் கருவிகள்

9 வோல்ட் பேட்டரி ஒன்றை இரண்டாகப் பகிர்ந்து ±4.5 வோல்ட்டாகப் பயன்படுத்தும் சிமாய் ஹெட்போன் பெருக்கி, 9 வோல்ட்டில் ஒற்றை மின்வழங்கியாக 4558ஐ ஓட்டும் கிதார் பெடல்கள் ஆகியவற்றில் கணக்கு தலைகீழாகிறது. இங்கே மேல் எல்லை பிரச்சினையல்ல. பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கியபிறகும் ஐசி ஓட வேண்டும். ஓபிஏ2134, எல்எம்4562 இரண்டும் ±2.5 வோல்ட்டிலும் இயங்குவன. ±5 வோல்ட் கேட்கும் ஏடி8620 புதிய பேட்டரியிலும் பொருந்தாது. 500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஆல்கலைன் பேட்டரி, 8 மில்லி ஆம்பியர் எடுக்கும் ஓபிஏ2134ஐ ஹெட்போன் சுமையைச் சேர்க்காமல் அறுபது மணி நேரம் தாங்கும்.

போலிக் கிரவுண்டு என்னும் நடுப்புள்ளியை இரண்டு 4.7 கிலோ ஓம் மின்தடைகளால் மட்டும் உண்டாக்கிய சுற்றுகளில், புதிய ஐசியின் டிசி மின்னழுத்தப் பிழையைக் கட்டாயம் அளக்க வேண்டும். வெளியீட்டில் 10 மில்லி வோல்ட் பிழை இருந்தால், 32 ஓம் ஹெட்போன் வழியே 0.3 மில்லி ஆம்பியர் நடுப்புள்ளிக்குள் பாயும். இரண்டு மின்தடைகளும் இணையாக 2.35 கிலோ ஓம் ஆவதால், நடுப்புள்ளி 0.7 வோல்ட் நகர்ந்து, ±4.5 என்பது ஒரு பக்கம் 5.2 ஆகவும் மறுபக்கம் 3.8 ஆகவும் சாய்ந்துவிடும். இரண்டு சேனல்களும் ஒரே திசையில் பிழைத்தால் சாய்வு இருமடங்கு. பேட்டரி நன்றாக இருந்தும் ஒலி சீக்கிரமே வெட்டுப்படுவதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு.

மாற்றியபின் செய்யும் அளவீடு

கருவியின் மின்செருகியைப் பிடுங்கி, பெரிய மின்தேக்கிகள் முழுவதும் வடிந்துவிட்டதை மீட்டரால் உறுதிசெய்த பிறகே ஐசியைத் தொட வேண்டும். ஐசியின் தலைப்பள்ளம் சாக்கெட்டின் பள்ளத்தோடு ஒத்திருக்கிறதா என்று இருமுறை பார்க்க வேண்டும், திருப்பிச் செருகிய ஐசி ஓரிரு நொடிகளில் கெட்டுவிடும். மாற்றுவதற்கு முன்னரே 8ஆம் காலுக்குச் செல்லும் பாதையில் 10 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைத்துவிட்டால், அதன் குறுக்கே தெரியும் ஒவ்வொரு 10 மில்லி வோல்ட்டும் 1 மில்லி ஆம்பியரைக் குறிக்கும். பழைய ஐசிக்கும் புதிய ஐசிக்கும் இந்த அளவைக் குறித்துவைத்து, கருவி அரை மணி நேரம் ஓடிய பின் மீண்டும் பார்க்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற உதிரிபாகச் சந்தைகளிலும் இணையக் கடைகளிலும் பெயர் அழித்து வேறு பெயர் அச்சிட்ட ஐசிக்களும் கலந்து கிடைப்பதால், இந்த எளிய அளவீட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. எல்எம்4562 என்று எழுதிய ஐசி 100 மில்லி வோல்ட்டை ஒட்டிய அளவைக் காட்டினால் அதன் பெயர் உண்மையாக இருக்கலாம். 35 மில்லி வோல்ட் காட்டினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் 4558 போன்ற ஒன்றே. 150க்கு மேல் ஏறினால் போலியா அலைவா என்று முடிவுகட்டும் முன், காலடிச் செராமிக்கைச் சரிபார்த்து, அதே ஐசியை வேறொரு சுற்றில் ஒன்றின் பெருக்கத்தில் வைத்து அளந்து பார்க்க வேண்டும். அங்கே 100க்குத் திரும்பினால் கோளாறு முதல் போர்டில் இருக்கிறது.